நூற்றறுபது கிராம்

மடுவத்துத் தராசு ஹட்டனுக்கு வந்தது
முன் சீட்டில், சாக்குப் போர்த்தி.
வில்பிரட் ஐயா மேசையில் இறக்கினார்.
"காலையில நல்லாத்தான் காட்டுது,
பகலானா ஏமாத்துது" என்றது அவரில்லை,
அருளாயி.
அவர் சொன்னது இவ்வளவுதான்:
"பொம்பளைங்க கத்துறாங்க. பார்த்துக் குடு."

பார்த்தேன்.
இருபது கிலோ படிக்கல்லைத் தூக்கி வைத்தேன்.
இருபது.
இறக்கி மறுபடி வைத்தேன். இருபது.
கடைக்குள் பதினாலு பாகை,
கண்ணாடியில் மூடுபனி ஒட்டியிருந்தது.
இந்தக் குளிரில் அது யோக்கியமான தராசு.

மடுவத்துத் தகரக் கூரையை
எங்கே போய் இரவல் கேட்பது?
பக்கத்து சலூனில் முடி உலர்த்தும் ஊதி கிடைத்தது.
மூடியைக் கழற்றாமல் மெல்ல ஊதினேன்.
கடைசி இலக்கம் அசைந்தது,
முதலில் கூச்சத்தோடு,
பிறகு கூச்சமே இல்லாமல்.
உள்ளே முப்பத்துநாலு பாகை ஆனபோது
பத்தொன்பது புள்ளி எட்டு நாலு.
கல் வைத்த இடத்திலேயே இருந்தது.

திறந்தேன்.
நீல உடம்பில் ஐந்து வளையம்,
கம்பனி வைத்த உலோகப் படலத் தடையி.
அதற்கு ஜோடியாய், மண்நிற உடம்பில் நாலு வளையம்.
எவனோ எப்போதோ
கைக்கு அகப்பட்டதைப் பற்றவைத்துவிட்டுப்
பஸ் பிடித்துப் போயிருக்கிறான்.
மீட்டர் வைத்தால் குறை சொல்ல முடியாது, ஓம் சரி.
பொன் வளையம் ஐந்து வீதம் என்று சொல்லும்;
வெயிலைப் பற்றி
எந்த நிறமும் எதுவும் சொல்லவில்லை.

கரிப் படலம்.
ஒரு பாகை ஏறினால்
பத்து லட்சத்தில் நானூறு பங்கு இறங்குகிறது.
இருபது பாகைக்கு எட்டாயிரம்.
இருபது கிலோவுக்கு நூற்றறுபது கிராம்.
கொழுந்தாக எண்ணினால்
இருநூறு தரம் விரல் மடங்க வேண்டும்,
அட்டைக் கடியோடு.

ஐயா போனில் சொன்னார்,
"ஒண்ணை மட்டும் மாத்து, மலிவாப் பாரு."
கொழும்புக் கடைக்காரன் சொன்னான்,
"பத்து பிபிஎம் இருக்கு, ஒண்ணு முந்நூறு."
அதை வாங்கி இந்த நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால்
ஒன்று அசையாது, மற்றது அசையும்;
மறுபடி அதே வழக்கு, சின்னதாக.
யோசித்தால், இந்தச் சுற்றுக்குத் தேவை
அசையாத ஒருத்தி இல்லை.
ஒன்றாக அசையும் இரண்டு பேர்.
இருபத்தைந்து பிபிஎம்மில்,
ஒரே நாடாவில் அடுத்தடுத்து ஒட்டியிருந்ததில்
இரண்டு வெட்டித் தரச் சொன்னேன்.
"ஒரே நாடாவா, எதுக்கு?" என்றான்.
"சண்டை வராம இருக்க" என்றேன்.

உடம்போடு உடம்பு ஒட்ட வைத்து
ஒரே உறைக்குள் சுருக்கிப் போட்டேன்.
ரெகுலேட்டர் எப்போதும் கொதிக்கிற ஆள்,
அவனுக்கு எட்டாத மூலையில்.
பிறகு ஊதி, பிறகு மீன்கடை ஐஸ்,
பிறகு மறுபடி ஊதி.
இரவு ஒன்பதுக்கு மழைச் சத்தத்தில் எழுதினேன்:
இருபது, இருபது, பத்தொன்பது புள்ளி ஒன்பது ஒன்பது,
இருபது.
அந்த ஒரு பத்துக் கிராமுக்காக
இன்னும் அரை மணி நேரம் முழித்திருந்தேன்.

ஒன்பது நாள் கழித்து, வியாழன் பகல்,
நானே கொண்டுபோய் மடுவத்தில் வைத்தேன்.
தகரம் வெயிலில் டக் டக்கென்று விரிந்தது.
கல்லை வைத்துக் காட்டினேன்.
அருளாயி குனிந்து இலக்கத்தைப் பார்த்தாள்.
"இனி கூடக் காட்டுமா?"
"கூடாது. குறையவும் குறையாது."
"அது போதும்" என்று
தன் சாக்கைத் தூக்கி வைத்தாள்.

பதினேழு புள்ளி நாலு இரண்டு.
கணக்கப்பிள்ளை பதினைந்து என்று எழுதினார்.
"சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணு"
என்றார், நான் கேட்காமலே.
மீதி நாலு இரண்டு
எதற்கென்று சொல்லவில்லை.
அந்த இரவுக்குப் பிறகு மழையே இல்லை;
பாதைப் புழுதி
என் சப்பாத்தில் இன்னும் இருந்தது.

அவள் அவரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

பில் எழுதினேன்.
தடையி இரண்டு. உறை ஒன்று. கூலி ஐந்து மணி.
கீழே, யாரும் கேட்காமல் ஒரு வரி:
பதினாலு பாகையிலும் முப்பத்துநாலிலும்
தராசு சோதிக்கப்பட்டது.
பேனா சோதிக்கப்படவில்லை.